அகரவெளிக்கு ஓட்டுக் கேட்கப் போனேன்

என் முதலாளியைப் பொறுத்தவரை இந்தியா என்பது ஒரே தெரு. அந்தத் தெருவில் குடியிருக்கும் எல்லாரையும் எனக்குத் தெரியும் என்பது அவருடைய அசைக்க முடியாத நம்பிக்கை. "நீ தமிழன்தானே, அந்தப் பெண்ணும் தமிழ்ப் பெண்தான். போய்ப் பேசிவிட்டு வா" என்று ஒரு திங்கட்கிழமை காலையில் மலாயில் சொன்னார்; அவருக்குத் தமிழில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. அப்படித்தான் மலேசியாவில், கிள்ளானிலிருந்து கிளம்பித் தஞ்சாவூரில் வந்து இறங்கினேன்.

என்ன பேசப் போனேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் கம்பெனி பாமாயில் விற்கிறது. கிடங்கில் இருக்கும் எண்ணெய்க்கு, இத்தனை லிட்டர் இன்னாருடையது என்று காட்டும் டோக்கன் வெளியிட்டு அதை ஒரு பிளாக்செயினில் விற்க வேண்டும் என்று முதலாளிக்கு ஆசை வந்துவிட்டது. பிளாக்செயின் என்பது, ஒரே கணக்கை உலகம் முழுவதும் பல பேர் தங்கள் தங்கள் கணினியில் ஒரே மாதிரி எழுதி வைத்துக்கொள்ளும் ஏற்பாடு. அதற்குத் தலைவர் கிடையாது. தலைமை அலுவலகம் கிடையாது. போய்க் கத்துவதற்கு ஒரு மேனேஜர்கூடக் கிடையாது.

அப்படியானால் விதியை மாற்றுவது யார்? நாங்கள் தேர்ந்தெடுத்த சங்கிலியில் கணக்கைச் சரிபார்க்கும் கணினிகள் கொஞ்சம் உண்டு. அவற்றை நடத்துபவர்கள் ஓட்டுப் போட வேண்டும். நூற்றுக்கு எண்பதுக்கு மேல் ஆதரவு சேர வேண்டும். அந்த ஆதரவு இரண்டு வாரம் விடாமல் நிற்க வேண்டும். நடுவில் இறங்கினால் மறுபடி முதலிலிருந்து. நின்றுவிட்டால் விதி அமலுக்கு வந்துவிடும், பிறகு ஒருவராலும் திருப்ப முடியாது.

முதலாளிக்கு வேண்டிய புது விதி இது: டோக்கன் வெளியிட்டவர், அவசியம் என்று நினைத்தால், வாங்கியவர் கையிலிருந்து அதைத் திரும்பப் பிடுங்கிக்கொள்ளலாம். எங்களுக்குக் கடன் தரும் வங்கி இந்த வசதி இல்லாமல் கையெழுத்துப் போட மாட்டோம் என்று சொல்லிவிட்டது. ஆதரவு எண்பதைத் தொட்டுக்கொண்டு, தாண்டாமல் நின்றது. ஆதரிக்காதவர்களில் ஒருவர் திருவாரூர்ப் பக்கம் அகரவெளி என்ற கிராமத்தில் இருந்தார். பெயர் செம்பருதி.

இந்தச் செம்பருதி எந்த மின்னஞ்சலுக்கும் பதில் போடவில்லை. அதனாலேயே இணையக் குழுக்களில் பெரிய ஆளாகிவிட்டார். அவருடைய மௌனம் ஒரு கொள்கை அறிக்கை என்று ஒருவர் நீளமாக எழுதியிருந்தார். ஆசிய விவசாயச் சமூகங்களின் எதிர்ப்புணர்வு அந்த மௌனத்தில் தெரிகிறது என்று பெர்லினில் உட்கார்ந்துகொண்டு இன்னொருவர் எழுதியிருந்தார். அதையெல்லாம் அச்செடுத்து முதலாளி என் கையில் கொடுத்தார். விமானத்தில் படித்தேன். இறங்கும்போது எனக்கு அந்தப் பெண்மணியைப் பற்றிக் கொஞ்சம் பயமே வந்திருந்தது.

முதல் நாள் தஞ்சாவூரில் சும்மா இருந்தேன். காலையில் இட்லிக்குக் கடப்பா என்று ஒன்று ஊற்றினார்கள். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் தேங்காயும் சேர்ந்த, சோம்பு மணக்கும் குழம்பு. எங்கள் ஊரில் ரொட்டி சானாய் என்ற பரோட்டாவுக்குக் கொடுக்கும் பருப்புக் கறி இதற்கு முன்னால் தலைகுனிந்து நிற்க வேண்டும். மூன்றாவது முறை கேட்டபோது பரிமாறியவர், இட்லியும் வேண்டுமா அல்லது அது மட்டும் போதுமா என்று கேட்டார். பெரிய கோயிலுக்கும் போனேன். அதைப் பற்றி எழுத வேண்டிய அளவுக்கு எல்லாரும் எழுதிவிட்டார்கள். என் பங்குக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது: மதியம் பன்னிரண்டு மணிக்குப் போகாதீர்கள், அந்தக் கல்லில் தோசை வார்க்கலாம்.

வாடகைக் காரை ஓட்டி வந்த சேகர் முதல் ஐந்து நிமிடத்திலேயே என் பூர்வீகம் எது என்று கேட்டார். தாத்தா இந்தப் பக்கமா, புதுக்கோட்டைப் பக்கமா என்பதில் எங்கள் வீட்டிலேயே இரண்டு கட்சி உண்டு என்றேன். அவருக்குத் திருப்தியில்லை. நிலம் பார்க்க வந்தீர்களா, பெண் பார்க்க வந்தீர்களா என்றார். எனக்கு நாற்பத்தைந்து வயது, இரண்டு பிள்ளைகள் என்றேன். ஒரு ஓட்டுக் கேட்க வந்திருக்கிறேன் என்றும் சொன்னேன். அவர் கண்ணாடி வழியாக என்னை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எந்தக் கட்சி சார்?"

கட்சி இல்லை, கம்ப்யூட்டர் விஷயம் என்றேன். அதற்குப் பிறகு அன்று முழுவதும் அவர் எதுவும் கேட்கவில்லை. பெரிய இடத்து விவகாரம் என்று முடிவு செய்துவிட்டார் போலிருக்கிறது.

மறுநாள் காலையில் அகரவெளிக்குக் கிளம்பினோம். நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில் ஒன்று முன்னால் போவதும் பின்னால் வருவதுமாக இருந்தது. எங்கள் ஊரில் ஒரு சிக்னலில் இரண்டு நிமிடம் நின்றாலே ஹாரன் அடிப்பார்கள். இங்கே சேகர் என்ஜினை அணைத்துவிட்டு இறங்கிப்போய்ப் பால்திரட்டு வாங்கிக்கொண்டு வந்தார். பாலைச் சுண்டக் காய்ச்சித் திரட்டிய இனிப்பு. அதைத் தின்று முடிக்கும்வரை கேட் திறக்காமல் இருப்பது நல்லது என்று எனக்கே தோன்றியது.

பக்கத்து டிராக்டரில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர், "டோக்கன் வந்துருச்சா?" என்றார். மற்றவர், "வந்துருச்சு, ஆனா அடுத்த வாரத்துக்குத்தான் போட்டிருக்கான்" என்றார். நான் கார் கதவைத் திறந்து பாதி இறங்கிவிட்டேன். சேகர்தான் விளக்கினார். நெல் கொள்முதல் நிலையத்தில் எந்த நாளில் யாருடைய நெல்லை எடுப்பார்கள் என்பதற்குக் கொடுக்கும் டோக்கன் அது. வரிசையில் இடம் பிடிக்கும் சீட்டு. மறுபடி உள்ளே உட்கார்ந்து மிச்சப் பால்திரட்டைச் சாப்பிட்டேன்.

கேட்டைத் தாண்டியதும் சாலையில் பாதி காணாமல் போயிருந்தது. அறுவடை முடிந்த நெல்லைத் தார்ச்சாலையில் பரப்பிக் காயவைத்திருந்தார்கள். வண்டிகளெல்லாம் மிச்சமிருந்த பாதியில் போய்க்கொண்டிருந்தன. எதிரே ஒரு பஸ் வந்தது. நெல்லின் மேல் ஏற்ற சேகருக்கு மனம் வரவில்லை. அவருடைய மனசாட்சி எங்களை இடதுபக்க வாய்க்காலில் இறக்கியது. முன்சக்கரம் சேற்றில் புதைந்தது. நெல்லைக் காலால் தள்ளிக்கொண்டிருந்த பெண்மணி ஒருவர், நெல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று எங்களுக்கு ஆறுதல் சொன்னார்.

வயலில் இருந்த அறுவடை மெஷினைக் கொண்டுவந்து கயிறு கட்டி இழுத்தார்கள். அதை ஓட்டியவர் ஆத்தூரிலிருந்து சீசனுக்கு வந்தவர். காசு வாங்க மறுத்துவிட்டார். மலேசியாவில் இந்த மெஷின் ஓட்டும் வேலை கிடைக்குமா என்று மட்டும் கேட்டார். எங்கள் ஊரில் எண்ணெய்ப் பனைதான் இருக்கிறது, மரத்தில் மெஷின் ஏறாது என்றேன். என்னால் ஒரு பிரயோசனமும் இல்லை என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

முழங்கால்வரை சேற்றோடு செம்பருதி வீட்டு வாசலில் போய் நின்றேன். முப்பத்தைந்து வயதிருக்கும். கழுத்தில் ஹெட்போன் தொங்கியது. சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார். ஏதோ மீட்டிங்கில் இருந்தார். உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார். சேற்றைப் பார்த்ததும் அதே கையை மாற்றிக் குழாயைக் காட்டினார்.

கால் கழுவி வந்ததும் டீ கிடைத்தது. நான் தயாரித்து வைத்திருந்த உரையை எடுத்துவிட்டேன். முதலீட்டாளர் பாதுகாப்பு, வங்கிகளின் நம்பிக்கை, உலக நடைமுறை. அவருடைய கொள்கையை நாங்கள் மதிக்கிறோம் என்று இரண்டு முறை சொன்னேன். கடைசிவரை குறுக்கிடாமல் கேட்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"எந்த ஓட்டு சார்?"

அச்செடுத்த கட்டுரைகளை நீட்டினேன். பெர்லின்காரர் எழுதியதைப் படிக்கப் படிக்க அவருக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. அப்புறம் நடந்ததைச் சொன்னார்.

அவருடைய கணினி இருப்பது அவர் தம்பி இளங்கதிரின் அரிசி மில்லில். ஊரில் கரண்ட் போனாலும் மில்லில் ஜெனரேட்டர் ஓடும், இணைய இணைப்பும் நன்றாக இருக்கும் என்பதால் அங்கே ஒரு சின்ன அறையில் வைத்திருந்தார். மூன்று மாதத்துக்கு முன் அக்காவுக்கும் தம்பிக்கும் சண்டை. தம்பி அந்த அறையைப் பூட்டிச் சாவியை வைத்துக்கொண்டார். கணினி உள்ளே ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் அதில் இருப்பது பழைய மென்பொருள். புது விதி என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. தெரியாத விதிக்கு எப்படி ஆதரவு தெரிவிக்கும்? கணக்கில் அது 'ஆதரவில்லை' என்றே சேரும்.

வீட்டிலிருந்தே அந்தக் கணினிக்குள் நுழைந்து மென்பொருளை மாற்றலாமே என்றேன்.

"வெளியிலேருந்து எவனும் உள்ள நுழையக் கூடாதுன்னு அவ்வளவு கெட்டியா அடைச்சு வச்சேன் சார். இப்ப நானும் வெளியாள்தானே" என்றார். மின்னஞ்சலும் அந்தக் கணினிக்குத்தான் போய்ச் சேருமாம். எங்கள் கடிதங்கள் எல்லாம் பூட்டிய அறைக்குள் பத்திரமாக இருந்தன.

கொள்கையும் இல்லை, மௌனமும் இல்லை. ஒரு பூட்டு. அதற்காக நான் கடல் தாண்டி வந்திருக்கிறேன்.

சண்டை எதற்கு என்று கேட்டேன். நடேசன் மாமாவால் என்றார். அவர் இவர்களுடைய தாய்மாமன், எதிர் வீட்டிலேயே இருக்கிறார். அதற்கு மேல் சொல்ல செம்பருதிக்கு விருப்பமில்லை. மில்லுக்குப் போனால் அங்கேயே தெரியும் என்றார். தம்பி பெயரைச் சொல்லவில்லை. 'மில் ஓனர்' என்றார்.

மூன்றாம் நாள் மில்லுக்குப் போனேன். இளங்கதிர் என்னை மலேசியாவிலிருந்து அரிசி வாங்க வந்தவன் என்று நினைத்து இலை போட்டுவிட்டார். விரால் மீன் குழம்பும் சோறும். முதல் கவளம் உள்ளே போன பிறகு உண்மையைச் சொல்வது நாகரிகம் இல்லை என்று தோன்றியது. முழுவதும் சாப்பிட்ட பிறகு சொன்னேன். அவர் கோபப்படவில்லை. மோர் ஊற்றினார்.

அப்பா விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் இருந்தவர் என்று சொன்னார். பிள்ளைகளுக்குச் சூரியனின் பெயரை வைத்தார். இரண்டு பேரையும் படிக்கவைத்தார். மகன் துபாயில் எட்டு வருடம் இருந்து, திரும்பி வந்து, மில் வைத்து, கடைசியில் சொந்தமாக டோக்கனும் வெளியிட்டிருக்கிறார். அதைக் கற்றுக்கொடுத்தது அக்காதான். ஒரு டோக்கன் என்றால் மில்லில் ஒரு மூட்டை மாப்பிள்ளைச் சம்பா அரிசி. வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர்கள் அறுவடைக்கு முன்பே வாங்கிவிடுவார்கள். நெல் பிடிக்க இவருக்குப் பணம் கிடைக்கும். டோக்கனைத் திருப்பி அனுப்பினால் மூட்டை கிடைக்கும்.

உங்களுக்கு ஒரு மூட்டை அன்பளிப்பாக அனுப்புகிறேன் என்று போனை எடுத்தார். டோக்கன் போகவில்லை. காரணம் எனக்குத் தெரியும், ஆனாலும் அவர் வாயால் கேட்க ஆசையாக இருந்தது.

"நீங்க என்னை நம்புறேன்னு மொதல்ல உங்க கணக்குல எழுதணும் சார். நீங்க எழுதாம நான் எதையும் உங்க தலையில கட்ட முடியாது."

அதுதான் விஷயம். அந்தச் சங்கிலியில் யார் வேண்டுமானாலும் எந்தப் பெயரிலும் டோக்கன் வெளியிடலாம். நானே இன்று மாலைக்குள் தங்கம் என்ற பெயரில் ஒன்று வெளியிடலாம். என்னிடம் தங்கம் இருக்கிறதா என்று சங்கிலி கேட்காது. இன்னார் வெளியிட்டது, இன்னாரிடம் இருக்கிறது என்று மட்டும் எழுதி வைத்துக்கொள்ளும். அதனால் வாங்குகிறவர், இந்த ஆளை, இந்த அளவுக்கு நம்புகிறேன் என்று தன் கணக்கில் முன்கூட்டியே ஒரு கோடு போட வேண்டும். நான் கோடு போட்டேன். மூட்டை வந்து சேர்ந்தது.

நடேசன் மாமாவும் அப்படிக் கோடு போட்டவர்தான். மலிவாக இருந்த நேரத்தில் நிறைய வாங்கி வைத்துக்கொண்டு, பொங்கல் சமயத்தில் துபாய்க்காரர்களுக்கு மில் விலையைவிடக் குறைத்து விற்றார். சொந்த மருமகனோடு போட்டி. இளங்கதிருக்கு ஆத்திரம். டோக்கனை வெளியிட்டவருக்கு ஓர் உரிமை ஏற்கெனவே உண்டு: ஒருவருடைய கணக்கில் இருக்கும் தன் டோக்கனை முடக்கி வைக்கலாம். முடக்கினால் வேறு யாருக்கும் விற்க முடியாது. வெளியிட்டவரிடமே திருப்பிக் கொடுக்க மட்டும் முடியும். மாமாவின் கணக்கை முடக்கினார். மாமா மில்லுக்கு வந்தால் மூட்டையை எடுத்துக்கொள்ளலாம். மாமா வரவில்லை. தெருவில் நின்று நாலு வார்த்தை சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். நான் கற்றுக்கொடுத்ததை வைத்து என் மாமனையே கட்டிப் போடுகிறாயா என்று அக்கா கேட்டார். தம்பி அறையைப் பூட்டினார்.

புது விதியைப் பற்றிச் சொன்னதும் இளங்கதிர் நிமிர்ந்து உட்கார்ந்தார். முடக்குவது மட்டுமில்லை, பிடுங்கவே முடியுமா என்று கேட்டார். சாவி அவருடைய சட்டைப் பையில்தான் இருந்தது. கை தானாக அங்கே போனது. நான் அப்போது வாயை மூடிக்கொண்டிருந்தால் என் வேலை அங்கேயே முடிந்திருக்கும். வயிற்றில் விரால் இருந்தது. சொல்லிவிட்டேன்: இந்த உரிமையை டோக்கன் யார் கைக்கும் போவதற்கு முன்பே எடுத்து வைத்துக்கொண்டால்தான் உண்டு. ஏற்கெனவே வெளியிட்டதைத் தொட முடியாது. மாமாவின் மூட்டைகள் மாமாவுடையவைதான்.

கை பையிலிருந்து இறங்கிவிட்டது.

பிறகு இன்னொன்றைச் சொன்னேன். இந்த விதி எப்படியும் ஒருநாள் நிறைவேறலாம். அன்று பழைய மென்பொருளோடு இருக்கும் கணினிகளுக்குக் கணக்குப் புரியாமல் போய்விடும். தவறாக எழுதுவதைவிட எழுதாமல் இருப்பதே மேல் என்று அவை அப்படியே நின்றுவிடும். இவருடைய அரிசி வாடிக்கையாளர்கள் போனில் பார்க்கும் கணக்கு எந்தக் கணினியிலிருந்து வருகிறது? அவருக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அக்காவின் கணினியிலிருந்துதான் வருகிறது. இலவசம் என்பதால் சண்டையிலும் அதை மாற்றவில்லை.

திறக்கச் சம்மதம், ஆனால் அந்தம்மா வந்து கேட்கட்டும் என்றார். நான் நடந்து போய்ச் சொன்னேன். மில் ஓனர் வந்து கூப்பிடட்டும் என்றார் செம்பருதி. திரும்பி நடந்தேன். இரண்டு வீட்டிலும் டீ கொடுத்தார்கள். என் வாழ்நாளில் அவ்வளவு டீ ஒரே மாலையில் குடித்ததில்லை. மூன்றாவது நடையில் சேகர் காரை எடுத்துக்கொண்டு கூடவே வந்தார். கடைசியில் நானே ஒரு வழி சொன்னேன். மலேசியாக்காரர் பார்க்க ஆசைப்படுகிறார் என்பதற்காகத் தம்பி அறையைத் திறக்கட்டும்; மலேசியாக்காரருக்குக் காட்டுவதற்காக அக்கா வரட்டும். யாரும் யாரையும் கூப்பிட்டதாக ஆகாது. இரண்டு பேருக்கும் பிடித்திருந்தது.

பொழுது சாயும் நேரத்தில் அறை திறந்தது. உள்ளே எல்லாவற்றின் மேலும் தவிடு படிந்திருந்தது. கணினி என்று நான் கற்பனை செய்திருந்தது வேறு. இது பழைய புடவையால் மூடிய ஒரு கறுப்புப் பெட்டி. அதன் சூட்டுக்கு ஒரு பூனை மேலே படுத்திருந்தது. உலக நிதி அமைப்பைத் தடுத்து நிறுத்திக்கொண்டிருந்த பூனை என்னைப் பார்த்துவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டது.

செம்பருதி பூனையின் அடியிலிருந்து புடவையை உருவி மடித்து என்னிடம் கொடுத்தார். பூனை இறங்க மறுத்தது. மென்பொருளைப் புதுப்பிக்கும்போது கரண்ட் போனது. இளங்கதிர் ஓடிப்போய் ஜெனரேட்டரைப் போட்டார். அக்கா என்னிடம், நன்றி என்று அவரிடம் சொல்லுங்கள் என்றார். சொன்னேன். பரவாயில்லை என்று அந்தம்மாவிடம் சொல்லுங்கள் என்றார். இருவருக்கும் நடுவே இரண்டடி தூரம்கூட இல்லை.

புதுப்பித்தாகிவிட்டது. இனி எந்த விதி வந்தாலும் இந்தக் கணினி நின்றுபோகாது. என் கம்பெனியில் எல்லாருக்கும் குழப்பமாக இருந்த விஷயம் இது. புது மென்பொருள் போடுவது வேறு, புது விதிக்கு ஆதரவு தருவது வேறு. முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதற்கு வேண்டாம் என்று சொல்லலாம். திரையில் இப்போது அந்தக் கேள்வி நின்றது. செம்பருதி விதியை ஆரம்பத்திலிருந்து படித்தார். நான் மறுபடியும் உரையை எடுத்தேன்; பாதியில் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார்.

"சார், மில் ஓனர்கிட்ட ஒண்ணு கேட்டுச் சொல்லுங்க. இந்த வசதி மொத நாள்லேருந்தே கையில இருந்திருந்தா, மாமாகிட்ட இருந்த மூட்டையைப் பிடுங்கியிருப்பாரா?"

நான் திரும்பிக் கேள்வியைச் சொல்ல வாயெடுத்தேன். இளங்கதிர் என்னைப் பார்க்கவில்லை. வாசல் நிலையில் சாய்ந்து நின்றுகொண்டு அந்தப் பூனையையே பார்த்தார்.

"பிடுங்கியிருப்பேன்க்கா" என்றார்.

மூன்று மாதத்தில் அதுதான் அவர் அக்காவிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை. செம்பருதி தலையை மட்டும் அசைத்தார். பிறகு 'வேண்டாம்' என்று ஓட்டுப் போட்டார். உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும், மன்னிக்க வேண்டும் என்று என்னிடம் சொன்னார்.

கஷ்டமாக இல்லை என்பதுதான் எனக்கே வியப்பு. இதே கேள்வியை என் முதலாளியிடம் கேட்டிருந்தாலும் இதே பதில்தான் உண்மையாக இருந்திருக்கும். அவர் அதை இப்படி ஒத்துக்கொண்டிருக்க மாட்டார்.

நான்காம் நாள் இளங்கதிர் விடவில்லை. முத்துப்பேட்டை பார்க்காமல் போகக் கூடாது என்று அக்காவையும் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். படகில் ஏறி, இரண்டு பக்கமும் அலையாத்திக் காடு நெருங்கி வரும் வாய்க்கால் வழியாகக் காயலுக்குப் போனோம். சேற்றிலிருந்து ஆயிரக்கணக்கில் வேர்கள் மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருந்தன. எங்கள் கிள்ளான் பக்கத்திலும் இதே காடு உண்டு. ஆனால் அங்கே போனால் டிக்கெட், பாலம், நினைவுப் பொருள் கடை எல்லாம் இருக்கும். இங்கே படகுக்காரர் சமைத்துக் கொண்டுவந்த நண்டு இருந்தது. அதை உடைத்துத் தின்னும் வேலையில் காட்டை நான் சரியாகப் பார்க்கவில்லை.

அக்காவும் தம்பியும் வழி முழுவதும் வாதாடினார்கள். முடக்கும் உரிமையையே நிரந்தரமாக விட்டுவிடப் போவதாகத் தம்பி சொன்னார். அப்படி ஒரு வழி உண்டு. ஒருமுறை விட்டுவிட்டால் திரும்ப எடுக்க முடியாது. முடக்குவதை அவர்கள் 'ஃப்ரீஸ்' என்றே பேசினார்கள்; படகுக்காரர் எதை என்று புரியாமல், ஐஸ் வைக்காவிட்டால் இறால் சாயங்காலம்வரைகூடத் தாங்காதே என்று கவலைப்பட்டார். செம்பருதி வேண்டாம் என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாமாமேல் காட்டியதற்காகச் சண்டை போட்டவரே இன்று அதே உரிமையைக் காப்பாற்றுகிறார்.

"நாளைக்கு எவனாவது உன் ஆளுங்க கணக்குலேருந்து திருடிட்டுப் போனா நிறுத்திவைக்க அது ஒண்ணுதான் இருக்கு. அதை வச்சுக்க. மாமாகிட்ட காட்டாத, அவ்வளவுதான்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "நீ முடக்குனப்பவும் மூட்டை மாமா பேர்லதானே இருந்துச்சு. அதனாலதான் இன்னைக்குப் போயி அவருகிட்ட பேச முடியும். பிடுங்கியிருந்தா என்னத்த வச்சுடா பேசுவ?"

கரைக்குப் பக்கத்தில் சிக்னல் வந்ததும் இளங்கதிர் போனை எடுத்து மாமாவின் கணக்கைத் திறந்துவிட்டார். சில நொடி வேலை. பிறகு மாமாவுக்கு போன் போட்டார். மாமா எடுத்ததும் வைய ஆரம்பித்தார். ஸ்பீக்கரில் போடாமலே படகு முழுவதும் கேட்டது. அவர் ஓயும்வரை தம்பி 'சரி மாமா, சரி மாமா' என்று சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா தண்ணீரைப் பார்த்தபடி சிரித்தார்.

கிள்ளானுக்குத் திரும்பி முதலாளியிடம் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். நீ போவதற்கு முன்னால் அவளுக்கு இந்த விதியில் ஆட்சேபணை இருந்ததா என்று கேட்டார். இல்லை என்றேன். இப்போது என்றார். இருக்கிறது, நல்ல காரணத்தோடு இருக்கிறது என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு, அந்த ஊரில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார்.

விதி பின்னால் நிறைவேறிவிட்டது. வேறெங்கோ ஒருவர் மென்பொருளைப் புதுப்பித்தார், ஆதரவு எண்பதைத் தாண்டியது, இரண்டு வாரம் நின்றது. அன்று அகரவெளிக் கணினி ஒரு நிமிடம்கூட நிற்காமல், தான் எதிர்த்த விதியின்படியே கணக்கெழுதத் தொடங்கியது. எங்கள் பாமாயில் டோக்கனும் வெளிவந்தது. அதற்கான விளக்கப் புத்தகத்தை ஆங்கிலத்திலும் மலாயிலும் சீனத்திலும் வழக்கறிஞர்கள் எழுதினார்கள். அவற்றில் அந்தப் பகுதிக்கு 'சொத்து மீட்பு வசதி' என்று பெயர். தமிழ்ப் பதிப்பை எழுதும் வேலை என்னிடம் வந்தது. 'நீங்கள் வாங்கிய டோக்கனை நாங்கள் நினைத்தால் உங்கள் கையிலிருந்து பிடுங்கிக்கொள்ளலாம். யோசித்து வாங்குங்கள்' என்று முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டேன். முதலாளி அச்சுக்கு அனுப்பும் முன் புரட்டிப் பார்த்தார். எழுத்து அழகாக இருக்கிறது என்றார்.